காளைக்கு ஏது பட்டா?

ராத்திரி தூக்கம் வராம ஃபோன நோண்டிட்டு இருந்தப்ப யூட்யூப் தானா கொண்டாந்து போட்ட வீடியோ அது. நூறு வருசம் பழசு, கருப்பு வெள்ளை, சத்தம் கிடையாது, அந்தக் காலத்துப் படங்கள்ல வர்ற மாதிரி எல்லாரும் வெடுக் வெடுக்குனு நடக்கறாங்க. ஒரு குள்ளமான ஆளு, தாடை முன்னாடி துருத்திட்டு இருக்கு, முதுகுல லேசா ஒரு கூன், கையில துணி. காளை வருது, துணிய காட்டறாரு, காளை துணி பின்னாடியே அவர சுத்திட்டுப் போகுது, திரும்ப வருது, திரும்பப் போகுது. முடிஞ்சுது. இதுல என்னடா இருக்கு, ஸ்பெயின் காளைச் சண்டைன்னாலே இதுதானேன்னு நெனச்சு மூடி வெச்சுட்டுத் தூங்கிட்டேன்.

ஆனா பேரு மட்டும் மண்டைக்குள்ள நின்னுடுச்சு. ஹுவான் பெல்மோன்ட்டே. மறுநாள் சும்மா தேடிப் பாக்க ஆரம்பிச்சு அது மாசக் கணக்குல இழுத்துட்டுப் போச்சு, கடைசியில புரிஞ்சது இதுதான்: எனக்கு அந்த வீடியோ ஒண்ணுமே இல்லாத மாதிரி தெரிஞ்சதுக்குக் காரணமே அந்த ஆளுதான். அவருக்கு முன்னாடி யாரும் அப்படி நின்னதில்ல. அவருக்கு அப்புறம் வந்த எல்லாரும் அப்படித்தான் நிக்கறாங்க. முதல் ஆள பாக்கும்போது நமக்கு நூத்தி ஒண்ணாவது ஆள பாக்கற மாதிரி இருக்கு, அவ்வளவுதான் விசயம்.

ஒண்ண முன்னாடியே சொல்லிடறேன். எனக்கு காளைச் சண்டை பிடிக்காது. ரசிகன்லாம் இல்ல, கடைசியில வாள் இறங்கற இடம் வந்தா நான் வீடியோவ தள்ளி விட்டுடுவேன். நம்ம ஜல்லிக்கட்டோட இத கோத்து விடறவங்க இருக்காங்க, அதுவும் வேணாம், அங்க மாடு வாசல விட்டு வெளிய வந்தா உயிரோட திரும்பாது, ரொம்ப ரொம்ப அபூர்வமா ஒண்ணு தப்பிக்கும். பெல்மோன்ட்டே காலத்துல இன்னும் மோசம், ஈட்டி வெச்சுக்கிட்டு குதிரை மேல வர்ற பிக்காடோரோட குதிரைக்கு எந்தக் கவசமும் கிடையாது, 1928-ல தான் குதிரைக்கு மெத்தை மாதிரி கட்டணும்னு சட்டம் போட்டாங்க. அதுவரைக்கும் ஒரு சாயங்காலத்துல காளைய விட குதிரைங்கதான் அதிகமா செத்துட்டு இருந்துச்சு. இத எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுதான் இந்த ஆள பத்திப் படிச்சேன், படிக்கப் படிக்க இந்த ஆள பிடிச்சும் போச்சு. ரெண்டும் உண்மை, என்ன பண்றது.

சரி, அவருக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு சொல்லணும், இல்லன்னா எதுவும் புரியாது.

19-ம் நூற்றாண்டுல மட்டாடோர்னா, அதாவது காளை முன்னாடி துணியோட நின்னு கடைசியில வாளால அத முடிக்கற ஆளுன்னா, கால் இருக்கணும். ஓடணும், துள்ளணும், காளை முட்ட வரும்போது கடைசி நொடியில விலகணும். மொத்த ஆட்டமே காளைய கொல்ற அந்தக் கடைசி நிமிசத்துக்குத் தயார் பண்றதுதான், துணிய ஆட்டறதெல்லாம் அதுக்கு முன்னுரை மாதிரி. அந்தக் காலத்து பெரிய தலை லகார்த்திஹோ சொன்னதா ஒரு பாடம் உண்டு: காளை வரும், நீ விலகு, நீ விலகலன்னா காளை உன்ன விலக்கிடும். இதுல வாதம் பண்ண என்ன இருக்கு? அரை டன் மாடு, ஃபிசிக்ஸ்ங்க. அதோட இன்னொரு சித்தாந்தமும் வெச்சிருந்தாங்க, மைதானத்துல இது காளையோட இடம், இது மனுசனோட இடம்னு. காளையோட இடத்துக்குள்ள மனுசன் கால வெச்சா செத்தான்.

பெல்மோன்ட்டே வந்து ரெண்டையும் ஒத்துக்க மாட்டேன்னாரு. நீயும் விலக வேணாம், காளையும் உன்ன விலக்காது, துணிய வீசத் தெரிஞ்சா போதும்னாரு. காளையோட இடமா, காளைக்கு ஏது இடம், எந்த ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பதிஞ்சு குடுத்தாங்க, எல்லா இடமும் மனுசனோடதுதான்ங்கற மாதிரி பின்னாடி நக்கலா சொல்லிருக்காரு. இதப் படிச்சப்ப சத்தமா சிரிச்சுட்டேன். காளைக்கு ஏது பட்டா!

ஆனா இந்த தத்துவமெல்லாம் பின்னாடி வந்தது. முதல்ல வந்தது வேற ஒண்ணு. ஆளுக்கு ஓட முடியாது. அவ்வளவுதான். சின்ன வயசுலேருந்தே நோஞ்சான், கால்ல வலு கிடையாது. ஓட முடியாதவன் என்ன பண்ணுவான், நிப்பான்.

1892 ஏப்ரல் 14, செவில் நகரத்துல பிறந்தான். (சின்ன வயசு பெல்மோன்ட்டேவ அவன் இவன்னுதான் எழுத வருது, மன்னிச்சுக்கங்க.) அப்பாவுக்கு சில்லறை சாமான் விக்கற கடை, வீடு நிறைய குழந்தைங்க, அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துட்டாங்க. கொஞ்ச நாள்லயே குடும்பம் ஆத்துக்கு அந்தப் பக்கம் த்ரியானாவுக்கு வந்துடுது. செவில் நடுவுல குவாதல்கிவீர் ஆறு, இந்தக் கரையில கதீட்ரல், காளை மைதானம், பணக்காரங்க, அந்தக் கரையில த்ரியானா, பானை சுடறவங்க, ஜிப்ஸிங்க, ஃபிளமெங்கோ பாட்டு, மீன்காரங்க. நடுவுல ஒரு இரும்புப் பாலம். பையன் ஸ்கூலுக்கு கொஞ்ச நாள் போனான், அப்புறம் கடையில உக்கார வெச்சாங்க, அதுவும் ஒட்டல, தெருமுனையில நிக்கற பசங்களோட சேர்ந்துட்டான்.

அந்தப் பசங்க பண்ண வேலைதான் இந்தக் கதையிலேயே எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். ஆத்தோரமா தப்லாதான்னு ஒரு பெரிய மேய்ச்சல் காடு, அங்க காளைங்க மேயும். பசங்க ராத்திரியில அங்க போவாங்க. காவல்காரங்க கண்ணுல படாம இருக்க ஆத்த நீந்திக் கடப்பாங்க, துணிமணிய இந்தக் கரையிலயே விட்டுட்டு, ஒரே ஒரு சட்டைய மட்டும் நனையாம தூக்கிட்டுப் போவாங்க. அந்தச் சட்டைதான் துணி. அம்மணமா, நிலா வெளிச்சத்துல, கூட்டத்துலேருந்து ஒரு காளைய பிரிச்சு ஓட்டி நிறுத்தி, ஒவ்வொருத்தனா போய் நிப்பானுங்க. நிலா இல்லாத நாள்ல கார்பைடு விளக்கு கொண்டு போவாங்களாம்.

இது சும்மா பசங்க விளையாட்டுன்னு நெனச்சுடாதீங்க. சண்டைக்காளைய பொறுத்தவரைக்கும் இது பெரிய குத்தம். மைதானத்துக்கு வர்ற காளை அதுக்கு முன்னாடி துணி வெச்சுக்கிட்டு தரையில நிக்கற மனுசன பாத்திருக்கவே கூடாது, அதுதான் விதி, இன்னைக்கும் அதான். ஏன்னா காளை வேகமா கத்துக்கும். உள்ள வந்து இருபது நிமிசத்துக்குள்ள அத முடிச்சுடறதே அதனாலதான், அதுக்கு மேல போனா துணி வேற, துணிக்குப் பின்னாடி இருக்கற ஆளு வேறன்னு அதுக்குப் புரிஞ்சுடும். ராத்திரியில பசங்க ஒரு காளைகிட்ட விளையாடிட்டுப் போனா, அந்தக் காளை பாடம் படிச்சு முடிச்சுட்டு மைதானத்துக்கு வரும், எதிர்ல நிக்கறவன் கதி என்ன? அதனால காவல்காரங்ககிட்ட மாட்டினா அடி சும்மா இருக்காது.

இங்கதான் ஒரு விசயம். இருட்டுல காளைய தள்ளிப் போக விட்டா அது எங்க நிக்குதுன்னே தெரியாது. எப்ப எந்தப் பக்கத்துலேருந்து வரும்னும் தெரியாது. அதனால அத பக்கத்துலயே வெச்சுக்கணும், உடம்ப ஒட்டியே சுத்த வைக்கணும், ஒரு சுத்து முடிஞ்சா அடுத்தது அங்கேயே ஆரம்பிக்கணும். இப்ப அந்த வீடியோவ திரும்ப நெனச்சுப் பாருங்க, குள்ளமான ஆளு நகராம நிக்கறாரு, காளை அவர சுத்தி சுத்தி வருதே. பட்டப்பகல்ல, பல்லாயிரம் பேர் நடுவுல, ஜரிகை டிரஸ் போட்டுக்கிட்டு, அவரு தப்லாதா இருட்டுல நின்ன மாதிரியே நின்னுட்டு இருக்காரு.

ஆனா எடுத்த உடனே ஹீரோ ஆகிடல. 1909-ல போர்ச்சுகல் எல்லையில இருக்கற எல்வாஸ்ல முதல் தடவையா ஜனங்க முன்னாடி ஏறினான். அப்புறம் அங்கங்க சின்ன ஊர்கள்ல, காசு வந்தா வந்துது இல்லன்னா இல்ல. சொந்த ஊர் செவில்ல சான்ஸ் கிடைச்சப்ப பெரிய அவமானம், குறிச்ச நேரத்துக்குள்ள காளைய முடிக்க முடியல, மூணு தடவ எச்சரிக்கை ஊதிட்டு காளைய உயிரோட வெளிய ஓட்டிட்டுப் போயிடுவாங்க, ஒரு மட்டாடோருக்கு அத விட கேவலம் கிடையாது. அன்னைக்கு வெறுத்துப் போய் காளை முன்னாடி முட்டி போட்டு என்ன கொன்னு போடுன்னு உக்காந்துட்டதா பின்னாடி அவரே சொல்லிருக்காரு. அதுக்கப்புறம் கொஞ்ச நாள் மண்ணு வெட்டற கூலி வேலைக்குப் போயிட்டான், ஆத்துக்கு புது வாய்க்கால் வெட்டிட்டு இருந்தாங்க, எங்க தெரியுமா, அதே தப்லாதாவுல. ராத்திரி அம்மணமா காளைகூட நின்ன மண்ணுலயே பகல்ல மண்வெட்டி.

கால்தெரோன்னு ஒரு பழைய பாந்தெரில்லேரோ, அதாவது காளை முதுகுல கலர் பேப்பர் சுத்தின குச்சிய குத்தற ஆளு, அவரு மட்டும் இந்தப் பையன்கிட்ட என்னமோ இருக்குன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு அலைஞ்சாரு. 1912-ல வலென்சியாவுல நல்லா பேரு வந்துச்சு, அதே வருசம் செவில்ல திரும்ப சான்ஸ். அன்னைக்கு முடிஞ்சதும் கூட்டம் அவன தோள்ல தூக்கிட்டு அந்த இரும்புப் பாலத்த தாண்டி த்ரியானா வரைக்கும் கொண்டு போச்சு. அடுத்த வருசம் 1913-ல மாட்ரிட்ல முழு மட்டாடோரா பட்டம் கட்டினாங்க. பட்டம் கட்டின சீனியர் மச்சாக்கீத்தோ, பக்கத்துல சாட்சியா நின்னவர் ரஃபாயேல் எல் காயோ. இந்த ரஃபாயேல் பேர ஞாபகம் வெச்சுக்கங்க, அவரு தம்பி ஒருத்தன் வரப் போறான்.

இனிமே அவர்.

பெல்மோன்ட்டே ஆடறத பாத்த பெரியவங்க எல்லாரும் சொன்னது ஒண்ணுதான், இந்த ஆளு பொழைக்க மாட்டான். கெர்ரீத்தா, முந்தின தலைமுறையோட ராஜா மாதிரி, அவரு சொன்னதா எல்லாரும் சொல்வாங்க: பாக்கணும்னா சீக்கிரம் போய்ப் பாத்துடுங்க, இல்லன்னா பாக்க முடியாது. இதவிட நல்ல விளம்பரம் எவனுக்காவது கிடைக்குமா சொல்லுங்க. ஜனங்க டிக்கெட்டுக்கு அடிச்சுக்கிட்டாங்க. நெஜமாவே அடிக்கடி தூக்கி எறியப்பட்டாரு, ஜரிகைய கொம்பு கிழிச்சுடும், எழுந்து திரும்ப அதே இடத்துல நிப்பாரு. இவர பாக்க வந்ததுல பாதிப் பேரு கலைய பாக்க வந்தாங்க, மீதிப் பேரு சாவ பாக்க வந்தாங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, ஒருவேளை எல்லாருக்குள்ளயும் ரெண்டும் பாதிப் பாதி இருந்துருக்கும்.

எழுத்தாளருங்க, சிற்பிங்க, ஓவியருங்களும் இவர் பின்னாடி விழுந்தாங்க. 1913-ல மாட்ரிட் ரெத்தீரோ பூங்காவுல அவருக்கு ஒரு விருந்து வெச்சாங்க, வாயே-இன்க்ளான், பேரெஸ் தெ அயாலா, ஓவியர் ரொமேரோ தெ தோர்ரெஸ்னு பெரிய பெரிய ஆளுங்க. ஸ்கூல் முடிக்காத த்ரியானா பையன், வயசு இருபத்தொண்ணு, பேசினா திக்குவாரு, அந்த மேஜையில போய் உக்காந்தாரு. வாயே-இன்க்ளான்ங்கறவர் பெரிய எழுத்தாளர், நீள தாடி, ஒரு கை கிடையாது. அவரு பெல்மோன்ட்டேவ பாத்து ஒருநாள் சொன்னாராம், "ஹுவானித்தோ, உனக்கு இனி ஒண்ணுதான் பாக்கி, மைதானத்துல சாகணும்." அதுக்கு இவரு ரொம்ப அடக்கமா, "என்னால ஆனத பாக்கறேன், தோன் ரமோன்." இந்த பதில நான் எத்தனை பேர்கிட்ட சொல்லிருப்பேன்னு கணக்கே இல்ல.

அந்த மேஜையில உக்காந்ததோட எஃபெக்ட் வேற மாதிரி வந்துச்சு, ஆளு படிக்க ஆரம்பிச்சுட்டாரு. ஊர் ஊரா போகும்போது பெட்டி நெறய புக்கு. மட்டாடோருங்கன்னா பின்னாடி குட்டியா ஒரு குடுமி வளர்ப்பாங்க, அது தொழில் அடையாளம், இவரு அத வெட்டிட்டு வந்து நின்னாரு. அப்புறம் எல்லாரும் வெட்டிட்டாங்க, இன்னைக்கு வரைக்கும் ஒட்டுக்குடுமிதான் வெச்சுக்கறாங்க.

சரி, இப்ப தம்பி.

ஹோசே கோமெஸ் ஒர்த்தேகா, ஊரே ஹோசெலித்தோன்னு கூப்பிடும். பெல்மோன்ட்டேக்கு எதெல்லாம் இல்லையோ அதெல்லாம் இவன்கிட்ட இருந்துச்சு. அப்பா மட்டாடோர், அண்ணனுங்க ரெண்டு பேரும் மட்டாடோர், அம்மா ஜிப்ஸி குடும்பத்து டான்ஸர். 1895-ல செவில் பக்கத்துல கெல்வெஸ்ல பிறந்தான். நடக்க ஆரம்பிச்சதிலேருந்து துணியும் காளையும்தான். 1912-ல பதினேழு வயசுல முழு மட்டாடோர். உயரம், அழகு, நல்ல கால், ஓடுவான், குச்சிய தானே குத்துவான், எந்தக் காளை எப்படித் திரும்பும்னு அது வாசல்ல வரும்போதே சொல்லிடுவான், ஒரு சாயங்காலத்துக்கு விடற ஆறு காளையையும் ஒத்தையா நின்னு முடிப்பான். 1915-ல செவில் மைதானத்துல முதல் தடவையா காளை காத வெட்டி பரிசா குடுத்தது இவனுக்குத்தான், அதுவரைக்கும் அந்த மைதானம் யாருக்கும் குடுத்ததில்ல. மாட்ட பத்தி தெரிய வேண்டியது எல்லாமே தெரிஞ்ச ஒருத்தன் ஸ்பெயின் வரலாத்துலயே இருந்தான்னா அது ஹோசெலித்தோதான்னு இன்னைக்கும் சொல்லுவாங்க.

இந்த ரெண்டு பேரும் ஒரே காலத்துல வந்தா நாடு ரெண்டா பிரியாம என்ன செய்யும். 1914-லேருந்து 1920 வரைக்கும் ஏழு சீசன், அத காளைச் சண்டையோட பொற்காலம்னு சொல்றாங்க. முதல் உலகப்போர் பக்கத்து நாட்ட எல்லாம் தின்னுட்டு இருக்கு, ஸ்பெயின் போருக்குப் போகல, அங்க சண்டை நீ ஹோசெலித்தோ ஆளா பெல்மோன்ட்டே ஆளாங்கறதுதான். காபிக்கடையில, சலூன்ல, குடும்பத்துக்குள்ள. நமக்கு எம்ஜிஆர் சிவாஜி சண்டையெல்லாம் தெரியும், அதனால விளக்க வேண்டியதில்லன்னு நெனக்கறேன்.

வேடிக்கை என்னன்னா ரெண்டு பேருக்கும் நடுவுல சண்டையே இல்ல. ஒருத்தன பாத்து ஒருத்தன் கத்துக்கிட்டாங்க. ஹோசெலித்தோ மெதுவா இவர மாதிரி நிக்க ஆரம்பிச்சாரு, இவரு ஹோசெலித்தோகிட்டேருந்து காளைய படிக்கக் கத்துக்கிட்டாரு, அது இல்லன்னா கெர்ரீத்தா சொன்ன மாதிரி சீக்கிரமே போய்ச் சேர்ந்துருப்பாரு. ஊர் ஊரா ரயில்ல ஒண்ணாவே போவாங்களாம், ராத்திரி பூரா பேசிட்டே. ஆனா ஸ்டேஷன் வர்றதுக்கு முன்னாடி எழுந்து அவங்கவங்க பெட்டிக்குப் போயிடுவாங்க, ஏன்னா பிளாட்ஃபாரத்துல ரெண்டு கோஷ்டியும் மாலையோட நிக்கும், ரெண்டு பேரும் ஒரே கதவுல இறங்கினா ரசிகனுங்க மனசு உடைஞ்சுடும். தொழில் தர்மம்!

இந்த இடத்துல துணி வீசறத பத்தி கொஞ்சம் சொல்லணும், போரடிச்சா தாண்டிடுங்க. பெல்மோன்ட்டேவோட வேலைய ஸ்பெயின்காரங்க மூணு வார்த்தையில சொல்றாங்க: நிக்கறது, பதமா கொண்டு போறது, சொன்னபடி கேக்க வைக்கறது. நிக்கறது புரியுது. நடுவுல இருக்கறதுதான் சூட்சுமம். காளை முட்டிட்டு வரும்போது துணி அதோட கொம்புக்கு எட்டற மாதிரியும் இருக்கணும், எட்டவும் கூடாது. வேகமா இழுத்தா காளைக்கு துணி காணாம போயிடும், அடுத்தது மனுசன்தான் கண்ணுல படுவான். மெதுவா இழுத்தா கொம்பு துணிய குத்தி மாட்டிக்கும். கன்னுக்குட்டிக்கு தவிட்டுத் தட்ட மூஞ்சிக்கு நேரா காட்டிக்கிட்டே பின்னாடி நடப்பாங்க பாருங்க, அந்த மாதிரி, ஆனா இது கன்னுக்குட்டி இல்ல. நல்லா அமைஞ்சா காளையே வேகத்த கொறைச்சுக்கும். பெரிய துணிய ரெண்டு கையில பிடிச்சு வீசற ஒரு சுத்த பாதியில இடுப்போட சுருட்டி நிறுத்தறது அவரோட கையெழுத்து மாதிரி, அங்க காளை திகைச்சு நின்னுடும், அவரு அத பாக்கக்கூட மாட்டாரு, திரும்பி நடந்துடுவாரு. இந்த சிவப்புத் துணி விசயம், காளைக்கு சிவப்பெல்லாம் தெரியாதுங்க, ஆடறதுதான் தெரியும். சிவப்பு நமக்காக.

1917 அவரோட வருசம்ங்கறாங்க, அந்த ஜூன்ல மாட்ரிட்ல பார்பெரோன்னு ஒரு காளைகிட்ட ஆடினத பாத்தவங்க சாகற வரைக்கும் பேசினாங்களாம். அந்தக் குளிர்காலத்துல பெருவுல லிமாவுக்கு ஆடப் போனாரு, ஹுலியா கொஸீயோன்னு ஒரு பொண்ண பிடிச்சுப் போச்சு, கல்யாணச் சடங்கு கூட்டம் ஆர்ப்பாட்டம் எதுலயும் நிக்க இஷ்டமில்லாம தனக்குப் பதிலா வேற ஒருத்தர நிக்க வெச்சு கல்யாணத்த முடிச்சாரு, சட்டப்படி அது செல்லும். காளை முன்னாடி நிக்கறவருக்கு கல்யாண மேடையில நிக்க முடியல. 1919-ல ஒரே சீசன்ல 109 தடவ ஆடினாரு, ஏழு மாசத்துல, ரயில்லயே தூங்கி ரயில்லயே எழுந்து. அந்த எண்ணிக்கைய 1965-ல எல் கோர்தொபேஸ்னு ஒரு மட்டாடோர் வர்ற வரைக்கும் யாரும் தாண்டல.

அப்புறம் 1920 மே மாசம்.

மே 15, மாட்ரிட், ரெண்டு பேரும் ஒண்ணா ஆடறாங்க. காளைங்க சரியில்ல. ஜனங்களுக்கு இவங்க ரெண்டு பேரையும் தலையில தூக்கி வெச்சு சலிச்சுப் போச்சோ என்னமோ, டிக்கெட் விலை வேற ஏறிடுச்சு, கத்தறாங்க, திட்டறாங்க, உக்கார வாங்கின மெத்தைய தூக்கி எறியறாங்க. ஹோசெலித்தோ நொந்து போயிட்டாரு, கொஞ்ச நாள் மாட்ரிட் பக்கமே வர வேணாம்னு ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்க. மறுநாள் ஹோசெலித்தோ தலவேரா தெ லா ரெய்னான்னு ஒரு சின்ன ஊருக்குப் போனாரு. அவங்க அப்பா முதன்முதலா ஆடித் திறந்து வெச்ச மைதானம் அது. கூட ஆடினது மச்சான் இக்னாசியோ சாஞ்செஸ் மெஹீயாஸ். அஞ்சாவது காளை, பேரு பைலாதோர், ஆட்டக்காரன்னு அர்த்தம். பெரிய காளைகூட இல்ல. ஆனா அதுக்கு கண்ணுல கோளாறு, தூரத்துல இருக்கறது தெரியும், பக்கத்துல இருக்கறது சரியா தெரியாது. துணிய சரி பண்ணிக்கலாம்னு ஹோசெலித்தோ சில அடி பின்னாடி தள்ளி நின்னாரு. தள்ளி நின்னதும் அதுக்குத் தெரிஞ்சுட்டாரு.

வயிறு. அங்க இருந்த சின்ன ஆஸ்பத்திரி ரூம்லயே உயிர் போயிடுச்சு. இருபத்தஞ்சு வயசு.

பக்கத்துலயே நின்னிருந்தா? இந்தக் கேள்விய நான் கேக்கக்கூடாது, காளைச் சண்டை தெரிஞ்சவங்க என்ன அடிக்க வருவாங்க. ஆனா ஒவ்வொரு தடவையும் கேக்கத் தோணுது.

பெல்மோன்ட்டே அன்னைக்கு மாட்ரிட்ல வீட்ல நண்பர்களோட சீட்டு ஆடிட்டு இருந்தாரு. யாரோ வந்து சொன்னாங்க, இவரு நம்பல, இந்த மாதிரி புரளி வாரா வாரம் வரும், பெரும்பாலும் இவர பத்தித்தான் வரும். நெஜம்னு தெரிஞ்சப்போ உடைஞ்சு அழுதாரு. செவில்ல மகாரேனா மாதா சிலைக்கு கருப்புச் சேலை மாதிரி துக்கத் துணி உடுத்தினாங்க, ஒரு மட்டாடோருக்காக மாதாவுக்கு துக்கம் கட்டினாங்க. எல்லாரும் சாவான்னு எதிர்பார்த்த ஆளு இங்க சீட்டுக் கட்டோட உக்காந்திருக்காரு, எதுவும் ஆகாதுன்னு நெனச்ச ஆளு போயிட்டாரு. தலவேராவுல ஹோசே என்ன ஜெயிச்சுட்டுப் போயிட்டான்னு பின்னாடி சொல்வாராம்.

அதுக்கப்புறம் நாப்பத்திரண்டு வருசம் இருந்தாரு. அத நான் வேகமா சொல்றேன், ஏன்னா அவரே அத அப்படித்தான் வாழ்ந்த மாதிரி தெரியுது. மூணு தடவ ரிட்டயர் ஆனாரு, ரெண்டு தடவ திரும்பி வந்தாரு, கடைசியா 1930கள் நடுவுல விட்டாரு. 1925 ஜனவரியில அமெரிக்காவுல டைம் பத்திரிகை அட்டையில அவரு படம் வந்துச்சு. உத்ரேரா பக்கத்துல கோமெஸ் கார்தேஞான்னு பெரிய பண்ணை வாங்கி தானே சண்டைக்காளை வளர்த்தாரு, ராத்திரி திருட்டுத்தனமா காளைகிட்ட போன பையனுக்கு இப்ப சொந்தமா காளையும் காவல்காரனும். அவரு எந்தப் பசங்கள அடிக்க விட்டாரு எந்தப் பசங்கள கண்டும் காணாம விட்டாருன்னு தெரிஞ்சுக்க எனக்கு ரொம்ப ஆசை.

1934-ல சாஞ்செஸ் மெஹீயாஸும் போயிட்டாரு, அவருக்காகத்தான் ஸ்பெயின் கவிஞர் லோர்கா அந்தப் பெரிய இரங்கல் கவிதைய எழுதினாரு. மறு வருசம் மனுவேல் சாவெஸ் நொகாலெஸ்ங்கற பத்திரிகைக்காரர் பெல்மோன்ட்டேவ உக்கார வெச்சு பேச வெச்சு, அவரே சொல்ற மாதிரி அவரு கதைய எழுதினாரு. தப்லாதா ராத்திரியெல்லாம் நமக்குத் தெரியறது அதனாலதான். அதுல பயத்த பத்தி அவரு சொல்ற இடம் ஒண்ணு உண்டு. ஆட்டம் இருக்கற நாள்ல தாடி சீக்கிரமா வளருமாம். காரணம் பயம், வேற ஒண்ணும் இல்ல. காலையில முழிச்சதும் பயம் கட்டில் பக்கத்துல வந்து உக்காந்து வக்கீல் மாதிரி வாதம் பண்ணுமாம், இதெல்லாம் உனக்கு எதுக்கு, கிளம்பிப் போயிடேன்னு, இவரு படுத்துக்கிட்டே அதுக்கு பதில் சொல்லிட்டு இருப்பாராம். இவ்வளவு நேர்மையா ஒரு வீரன் பயத்த பத்திப் பேசி நான் படிச்சதில்ல, நம்ம ஆளுங்க வாழ்க்கை வரலாறு எழுதினா பயம்ங்கற வார்த்தையே வராது.

அவரு நக்கலுக்கு இன்னொரு சாம்பிள். உள்நாட்டுப் போருக்கு அப்புறம், முன்னாடி அவரு டீம்ல குச்சி குத்திட்டு இருந்த ஒருத்தர் ஊவெல்வாவுக்கு கவர்னர் ஆயிட்டாரு. மைதானத்துல அவர தலைமை சீட்டுல பாத்துட்டு ஒருத்தர் பெல்மோன்ட்டேகிட்ட கேட்டாராம், ஏங்க, இவரு உங்ககிட்ட பாந்தெரில்லேரோவா இருந்தவரு தானே, அங்கேருந்து எப்படிங்க கவர்னர் ஆனாரு? திக்கித் திக்கி பதில் வந்துச்சு: "எ...எப்படின்னா, சீ...சீரழிஞ்சு சீரழிஞ்சுதான்."

1962 ஏப்ரல் 8-ம் தேதி, எழுபதாவது பிறந்த நாளுக்கு ஆறு நாள் இருக்கும்போது, அந்தப் பண்ணையிலேயே தன் உயிர தானே முடிச்சுக்கிட்டாரு. அன்னைக்கு அவரு என்ன பண்ணாரு, எந்தக் குதிரை ஏறினாருன்னு கதை கதையா சொல்றாங்க, ஒவ்வொண்ணும் சினிமா மாதிரி இருக்கு. எனக்கு அதுல இஷ்டம் இல்ல. வாயே-இன்க்ளான் சொன்னதையும் இதையும் முடிச்சுப் போட்டு ஆகா என்ன விதின்னு எழுதறவங்களும் இருக்காங்க, அதெல்லாம் விருந்துல உக்காந்து பேசறதுக்கு நல்லாருக்கும். வயசான ஒருத்தர், உடம்பு முன்ன மாதிரி இல்ல, தனியா இருந்தாரு, யாரும் பக்கத்துல இல்லாம போச்சு. அதுல அழகு ஒண்ணும் இல்ல.

த்ரியானாவுல, அந்தப் பாலம் இறங்கற இடத்துல இப்ப அவருக்கு ஒரு வெண்கலச் சிலை, 1972-ல வெச்சது, நெஞ்சுல ஒரு ஓட்டை விட்டிருப்பாங்க, அது வழியா பாத்தா ஆத்துக்கு அந்தப் பக்கம் செவில் தெரியும். அவர புதைச்சது ஊருக்கு வடக்க இருக்கற சான் ஃபெர்னாந்தோ கல்லறையில. ஹோசெலித்தோவும் அங்கதான். ஹோசெலித்தோ சமாதி பெரிசு, மரியானோ பென்லியூரே செஞ்சது, வெண்கலத்துல ஆணும் பொண்ணுமா ஒரு கூட்டமே அவரு உடம்ப தூக்கிட்டுப் போகுது, அந்த உடம்பு மட்டும் வெள்ளைப் பளிங்கு, அதுக்குள்ளயே மச்சான் சாஞ்செஸ் மெஹீயாஸையும் வெச்சிருக்காங்க. பெல்மோன்ட்டேவோடது அதே தோட்டத்துல தனியா இருக்கு, சிலை கூட்டம் எதுவும் இல்லாம. ரயில்ல வந்த மாதிரியேதான், ஸ்டேஷன்ல அவங்கவங்க பெட்டி.